தவணையில் நடந்த பெருவழி

போன மார்கழியில ஆரம்பிச்ச ஒரு நடையைப் பத்தின த்ரெட் இது. நீளம் அதிகம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. டாக்டர் ஏதோ உடம்பைப் பத்திச் சொல்லப் போறாங்கன்னு வந்தவங்களுக்கு, அதுவும் வரும். ஆனா ரோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

கோயம்புத்தூருக்குப் பக்கத்துல சுண்டக்காமுத்தூர்ல ஒரு பாறை இருக்கு. அதுல சோழர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு. ஒரே செய்தியைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டி வச்சிருக்காங்க. கிழக்கே இருந்து வர்றவனும் படிக்கணும், சேர நாட்டுப் பக்கம் இருந்து வர்றவனும் படிக்கணும்னு நினைச்சிருப்பாங்க போல. 871 முதல் 907 வரை ஆண்ட முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. தானம், கோயில், நிலம் எதுவும் அதுல கிடையாது. அந்தப் பாறை பக்கமா ஓடின ரோட்டோட பேரைச் சொல்றதுதான் அதோட வேலை: இராசகேசரிப் பெருவழி. இன்னிக்கு நாம நெடுஞ்சாலைக்குப் பேர்ப் பலகை வைக்கிறோமே, அது மாதிரி.

பெருவழிங்கிற சொல் சோழர் காலத்தைவிட ரொம்பப் பழசு. பெரும்பாணாற்றுப்படையில மிளகுப் பொதி சுமந்து போற கழுதைகள் வருது. சுங்கம் வசூலிக்கிற பெருவழியும், அதைக் காவல் காக்கிற வில்வீரர்களும் வர்றாங்க. டோல்கேட் நமக்குப் புதுசு இல்லைங்க.

மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஒண்ணுதான், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலம். மேற்குக் கரையில முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர், அதையும் தாண்டிக் காவிரி போய்க் கடல்ல சேர்ற பூம்புகார். நடுவுல மலை ஏறாம வரணும்னா இந்த வாசல் வழியாத்தான் வரணும். வாசல் தாண்டினதும் தண்ணி வேணும். அதுக்கு நொய்யல் இருக்கு. வெள்ளியங்கிரி மலையில பிறந்து, பேரூர், வெள்ளலூர், சூலூர், மங்கலம், திருப்பூர்னு வந்து, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கிற ஊர்லயே காவிரியில கலக்குற ஆறு. பேரூர்ப் புராணத்துல இதுக்குக் காஞ்சிமாநதின்னு பேர்.

இந்தப் பெருவழி முழுசும் இப்படித்தான் போச்சுன்னு காட்டுற மைல்கல் வரிசை எதுவும் கிடைக்கலை. ஆனா ஆத்தங்கரையில கிடைச்ச பொருட்களை மேப்புல புள்ளி வச்சுப் பாருங்க, கோலம் தானா வந்துடும். வெள்ளலூர்ல 1842லயே ரோமானிய வெள்ளிக் காசுக் குவியல் கிடைச்சது, 1891லயும் 1931லயும் திரும்பக் கிடைச்சது. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். 1913ல ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில 233 காசு. தெற்கே உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்துல 1891ல ஆயிரத்துக்கும் மேல. பனியன் ஏத்துமதி டாலர் வர்றதுக்கு 1900 வருஷம் முன்னாடியே இந்த மண்ணுக்கு அந்நியச் செலாவணி வந்திருக்கு.

இதைப் படிச்சுப் படிச்சு, ஒரு நாள் நடந்துதான் பாத்துருவோமேன்னு தோணிச்சு. சுண்டக்காமுத்தூர்ப் பாறையில இருந்து கரூர் வரைக்கும், முடிஞ்ச வரை ஆத்தை ஒட்டின ஊர் ரோட்டுல. நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். ஒரேயடியா நடக்க அரசு மருத்துவமனை டாக்டருக்கு யார் லீவு குடுப்பா? அதனால தவணை. டியூட்டி முடிஞ்ச மறுநாள் தூக்கம், அதுக்கு அடுத்த நாள் விடியக்காலை முதல் பஸ், பதினஞ்சு கிலோமீட்டர் நடை, அந்தந்த ஊர்ல இருந்து பஸ் ஏறி வீடு. அடுத்த தடவை விட்ட இடத்துல இருந்து. கூடத் தம்பி வருவான், அவன் பாட்டுக்குப் பாட்டு கேட்டுட்டே வருவான்.

வெளிநாட்டுல இதுக்கு ஒரு பேரே இருக்கு. அமெரிக்காவுல அப்பலேச்சியன் டிரெயில்னு ஒரு நடைபாதை. 1921ல பென்டன் மெக்கே யோசனை சொல்லி, 1937ல முழுசாச் சேர்ந்தது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். மொத்தமா ஒரே மூச்சுல நடக்கிறவங்க ஒரு வகை, வருஷக்கணக்கா துண்டு துண்டா நடந்து முடிக்கிறவங்க இன்னொரு வகை, அவங்களை செக்‌ஷன் ஹைக்கர்னு சொல்வாங்க. ரெண்டாவது வகைக்கு அங்கேயும் மவுசு கொஞ்சம் கம்மிதான்.

எனக்கும் முதல்ல அந்தத் தாழ்வு மனப்பான்மை இருந்துச்சு. மூணாவது தவணையில போயிருச்சு. ஏன்னா இந்த ரோட்டை முழுசா நடந்தவங்க பண்டைக் காலத்துலயே ரொம்பக் குறைவா இருந்திருப்பாங்கன்னு எனக்குப் படுது. முசிறியில ஏத்தின பொதி கரூருக்கு வந்து சேர்ந்திருக்கும். அதே ஆள், அதே கழுதை வரணும்னு அவசியமே இல்லையே. ஒரு ஊர்ல இறக்கி, கை மாத்தி, அடுத்த ஊர்க்காரன் ஏத்திக்கிட்டுப் போறதுதான் வியாபாரம்.

அப்படிக் கை மாறின இடத்தைப் பாக்கணும்னா கொடுமணல் போங்க. திருப்பூர்ல இருந்து கிழக்கே ஒரு நாள் நடை, நொய்யலோட வடகரை, இப்ப ஈரோடு மாவட்டம். பதிற்றுப்பத்துல கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம்னு சொல்ற ஊர் இதுதான்னு அடையாளம் கண்டிருக்காங்க. 1985ல இருந்து தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்க தோண்டிச்சு. சுப்பராயலுவும் ராஜனும் அதுல முக்கியமானவங்க. பின்னாடி 2012, 2013ல புதுச்சேரிப் பல்கலைக்கழகம், அப்புறம் தமிழ்நாடு தொல்லியல் துறை. இரும்பு உருக்கின உலை, எஃகு செஞ்ச உலை, சங்கு வளையல், மணிகள் அறுத்து மெருகு போட்ட பட்டறைக் கழிவு எல்லாம் கிடைச்சிருக்கு. பச்சைக்கல்லுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், காங்கேயம் பக்கம் படியூர்லயே இருந்துச்சு. சூதுபவளமும் நீலமணிக்கல்லும் வடக்கே இருந்து வந்திருக்கணும். நீலமணிக்கல் ஆப்கானிஸ்தான் சரக்கு. பானை ஓட்டுல தமிழ் பிராமியில பேரு கீறி வச்சிருக்காங்க, அதுல சிலது பிராகிருதப் பேர். வடநாட்டு ஆள் இங்க வந்து வேலை பாத்ததைப் பார்த்து ஆச்சரியப்படுற திருப்பூர்க்காரங்க இதைக் கொஞ்சம் குறிச்சுக்கோங்க. நடுவுல இரும்புக் கம்பி செருகின தக்களியும் கிடைச்சிருக்கு. நூல் நூத்த ஊர்.

இப்பப் போனா வயல்தான். சோளத்தட்டு, ஆடு, நடுவுல பெருங்கற்காலக் கல்லறைக் கற்கள். ஒரு பலகைக்கல்லுல வட்டமா ஓட்டை இருந்துச்சு. தம்பி முதல் தடவையா ஹெட்போனைக் கழட்டினது அங்கதான்.

அந்த வழியை ஆத்தோரமாவே நடந்தா இன்னொண்ணும் பாப்பீங்க. கொடுமணலுக்குச் சில கிலோமீட்டர்லயே ஒரத்துப்பாளையம் அணை. 1992ல முடிச்சது, பாசனத்துக்குன்னு கட்டினது. சாயத் தண்ணி வந்து தேங்கி, ஆயக்கட்டு விவசாயிகளே தண்ணியத் திறக்காதீங்கன்னு கேட்கிற நிலைமை வந்துச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்குப் பின்னாடி இருக்கிற கதை இதுதான். இதைப் பத்தித் தனியா எழுதணும். பெருவழிக்கு ஆறுதான் தண்ணிப் பந்தல். அந்த ஆத்துல கை நனைக்காம, முதுகுல ரெண்டு லிட்டர் பாட்டில் தூக்கிட்டு நான் நடந்தேன். அவ்வளவு மட்டும் இங்க சொல்றேன்.

சரி, உடம்பு விஷயம். நடக்க ஆசைப்படுறவங்க முதல் நாளே இருபது கிலோமீட்டர் போகாதீங்க. கொப்புளம் வந்தா ஊசியால குத்தாதீங்க, மூடி வைங்க. சர்க்கரை இருக்கிறவங்க வெறுங்காலோட நடக்கவே கூடாது. கால்ல உணர்ச்சி குறைஞ்சிருந்தா முள்ளு ஏறினதே தெரியாது. தைப்பூசம் முடிஞ்சதும் பழனி பாதயாத்திரை போயிட்டு வந்து, அஞ்சாவது நாள் சீழோட வார்டுக்கு வர்றவங்களை வருஷா வருஷம் பாக்குறேன். நேர்த்திக்கடன் முருகனுக்கு, செருப்பு உங்களுக்கு. அவர் கோவிச்சுக்க மாட்டார்.

இனி நான் உண்மையிலயே சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

துண்டு துண்டா நடக்கணும்னா ரெண்டு விஷயம் வேணும். எவ்வளவு பாக்கின்னு தெரியணும், இறக்கி வைக்க இடம் வேணும். முதலாவதுக்குத் தர்மபுரிப் பக்கம் கிடைச்ச அதியமான் பெருவழிக் கல்லைச் சொல்லலாம். நாவற்தாவளத்துக்குக் காதம் 29ன்னு வெட்டியிருக்கு. எழுத்தோட நிக்காம, ரெண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழியும் போட்டிருக்காங்க. படிக்கத் தெரியாதவன் விரல் விட்டுத் தடவியே எண்ணிக்கலாம். ராத்திரியிலயும் எண்ணிக்கலாம். தாவளம்னா வணிகர்கள் தங்கி, சரக்கு இறக்கி, வியாபாரம் பண்ற இடம். ரோட்டோட இலக்கா அந்தக் கல் சொல்றது ராஜாவோட தலைநகரை இல்லை, ஒரு தாவளத்தை.

இறக்கி வைக்கிற இடம்னு சொன்னேனே, அதுல கடைசி வகை இன்னும் நம்ம ஊர் ரோட்டோரத்துல நிக்குது. சுமைதாங்கிக் கல். ஜெமினி கணேசன் நடிச்ச 1962 படம் ஞாபகம் வருதா? அந்தப் பேருக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு கல் இருக்கு. ரெண்டு கல்லை நெட்டுக்குத்தா நட்டு, மேல ஒரு பலகைக்கல். உயரம் ஏறக்குறைய நெஞ்சு, தோள் மட்டம். தலையில மூட்டை வச்சிருக்கிறவங்களுக்கு இறக்கி விடவும் ஆள் வேணும், திரும்பத் தூக்கி விடவும் ஆள் வேணும். ஆள் இல்லாத பொட்டல்ல என்ன பண்றது? கல்லுக்குப் பக்கத்துல போய்ச் சாஞ்சு, மூட்டையை அப்படியே பலகை மேல தள்ளிடலாம். இளைப்பாறிட்டு, குனிஞ்சு தலையைக் குடுத்தா மூட்டை திரும்பத் தலைக்கு வந்துடும். கேரளாவுல இதுக்கு அத்தாணின்னு பேர். அத்தாணின்னே அங்க நிறைய ஊர் இருக்கு.

நம்ம பக்கம் இந்தக் கல்லை நடுறதுக்கு ஒரு காரணம் உண்டு. கர்ப்பிணியா இருக்கும்போதோ, பிள்ளை வயித்துல இருந்து இறங்காமலோ ஒரு பொண்ணு செத்துட்டா, அவ நினைவா வீட்டுக்காரங்க ரோட்டோரத்துல சுமைதாங்கி வைப்பாங்க. சுமையோட போனவ. வழிப்போக்கர் ஒவ்வொருத்தரும் தன் சுமையை இறக்கும்போது அவளோட சுமையும் கொஞ்சம் இறங்கும்னு நம்பிக்கை.

இதைச் சின்ன வயசுலயே கேள்விப்பட்டிருக்கேன். எம்.பி.பி.எஸ் முடிச்சு, பிரசவ வார்டு பாத்து, இந்த நடைக்கு வந்த பிறகுதான் வேற மாதிரி தெரிஞ்சுது. பேறுகால மரணப் பதிவேடுன்னு நாங்க ஆபீஸ்ல வச்சிருக்கிறதை இவங்க ரோட்டோரத்துல நட்டு வச்சிருக்காங்க. சங்க காலப் பெருவழி இங்கதான் ஓடிச்சுன்னு இந்தக் கல் நிரூபிக்காது, இதெல்லாம் பெரும்பாலும் நூறு, நூத்தம்பது வருஷத்துக்குள்ள வச்சது. 1862ல ரயில் வந்து தூரத்துச் சரக்கெல்லாம் தண்டவாளத்துக்குப் போன பிறகும், சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஜனங்க தலைச்சுமையா எந்த வழியில நடந்தாங்கன்னு அது காட்டும்.

கத்தாங்கண்ணி தாண்டி ஒரு சின்ன ரோடு, அதோட வளைவுல ஒரு கல். மஞ்சள் பூசி, பொட்டு வச்சிருந்துச்சு. பலகையோட பக்கவாட்டுல எழுத்து. சுண்ணாம்பு ஏறி அடைச்சிருந்ததைத் தண்ணி விட்டுத் துடைச்சுப் படிச்சோம். ஒரு பொண்ணோட பேர், "விக்ரம வருஷம்", "மாசி". விக்ரம 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அப்ப இது 1881ஆ, 1941ஆ?

ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்த ஆத்தா ஒருத்தங்க நின்னாங்க. எண்பதைத் தாண்டியிருக்கும். "ஏனுங்கம்மணி, இந்த வெய்யல்ல எங்கீங்க நடந்து போறீங்க?"

சொன்னேன். சிரிச்சாங்க. கல்லைக் காட்டிக் கேட்டேன்.

"எங்க மாமனாருக்கு மொத தாரமுங்க. எனக்கும் பாத்த பழக்கமில்ல, எங்க மாமியா சொல்லித்தான் தெரியும். மூணு நாளு வலிங்க. மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. வண்டி பூட்டிட்டாங்க, பாதி தடத்துல போயிருச்சு."

அப்ப 1941. மூணு நாள் வலின்னா எங்க பாஷையில அது தடைபட்ட பிரசவம். குழந்தையோட தலைக்கும் தாயோட இடுப்பெலும்புக்கும் பொருந்தாம இருந்திருக்கலாம், குழந்தை குறுக்கே கிடந்திருக்கலாம். இப்ப பார்ட்டோகிராம் வரையிற நர்ஸ் சில மணி நேரத்துலயே கோடு தாண்டிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. அடுத்தது தியேட்டர்.

1946ல சர் ஜோசப் போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவுல ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் சாகுறாங்கன்னு மதிப்பிட்டுச்சு. இப்ப நாங்க லட்சத்துக்குத்தான் கணக்கு வைக்கிறோம். அந்தக் கணக்குல அது 2,000. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக்கு 54.

1994ல செரீன் தாடியஸ், டெபோரா மெயின்னு ரெண்டு பேர் எழுதின ஒரு கட்டுரையை மகப்பேறு படிக்கிற எல்லாரும் எங்கயாவது சந்திப்பாங்க. தாய் சாகிறதுக்கு மூணு தாமதம் காரணம்னு அதுல வரும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு முடிவெடுக்கிற தாமதம், போய்ச் சேர்ற தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைக்கிற தாமதம். அந்தக் கட்டுரையோட தலைப்பைத் தமிழ்ல சொன்னா, "நடக்க முடியாத தூரம்". பரீட்சைக்கு மூணு தாமதத்தையும் மனப்பாடம் பண்ணினேன், தலைப்பை மறந்துட்டேன். அந்த வளைவுல நிக்கும்போது ஞாபகம் வந்துச்சு. முடிவெடுத்தாங்க, வண்டியும் பூட்டினாங்க. ரெண்டாவது தாமதத்துல செத்துப்போனா. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுல ஓட ஆரம்பிச்சது 2008ல.

54ங்கிறதும் பூஜ்ஜியம் இல்லை. ஒரு பேறுகால மரணம் நடந்தா, கலெக்டர் தலைமையில ஆய்வுக் கூட்டம் நடக்கும். கேஸ் ஷீட்டோட நிக்கணும். எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்கு ரத்தம் ஏறிச்சு, யார் பாத்தா, ஏன் அனுப்பினீங்க. ஒரு தடவை நின்னிருக்கேன். அந்த அம்மாவோட வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் மணிக்கணக்கைப் படிச்சுக்கிட்டே இருந்தேன், அவர் தரையைப் பாத்துக்கிட்டே இருந்தார். அதுக்கு மேல இங்க சொல்ல முடியாது.

கல்லுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு இடத்துல ரோட்டோரமா சிவப்புப் பெயின்ட் குறி இருந்துச்சு. அகலப்படுத்த அளந்திருக்காங்க. கல் குறிக்கு உள்பக்கம்தான் நிக்குது. அகலமான ரோடு வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? ஆம்புலன்ஸ் பத்து நிமிஷம் முன்னாடி வரும்னா நானே குறி போடுவேன். ஆத்தாகிட்ட, கல்லை எடுத்துருவாங்களான்னு கேட்டேன். "எடுத்தா எங்க தோட்டத்து ஓரத்துல நட்டுக்கறோம்னு சொல்லியிருக்கறமுங்க. ஆனா அங்க ஆரு சுமை எறக்கப் போறாங்க?"

உங்க ஊர்ப் பக்கம் இப்படிக் கல் இருந்தா, எழுத்துத் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. பேர், வருஷம், எந்த ரோடு. யார் வீடுன்னு கேட்டு வைங்க, கேட்க ஆள் இருக்கும்போதே.

கிளம்பும்போது ஆத்தா என் முதுகைப் பாத்துட்டே இருந்தாங்க. "பையை எதுக்குங்க சொமந்துக்கிட்டே பேசறீங்க? எறக்கி வைங்கம்மணி. அதுக்குத்தான நட்டிருக்கு." இறக்கி வச்சேன். தம்பியும் அவன் பையை வச்சான். பலகைக்கல் நடுவுல வழவழன்னு தேஞ்சிருந்துச்சு.

அங்க இருந்து கரூருக்கு இன்னும் சில தவணை பாக்கி. அடுத்த மாச டியூட்டி லிஸ்ட் வரட்டும், சொல்றேன்.